பயின்னவுங் சந்தையில் ஓர் உளுந்துக் கடை

ரங்கூனின் பயின்னவுங் மொத்தச் சந்தையில் தமிழர் ஒருவர் நடத்தும் பருப்புக் கடையில் இரண்டு ஆண்டுகளாக உளுந்து வாங்கி வருகிறேன். கல், தூசி நீக்கிச் சலித்த பருப்பு. மாவு நன்றாகப் பொங்குகிறது. விலைதான் நிலையாக இருப்பதில்லை, ஆனால் அதற்குக் கடைக்காரரைக் குறை சொல்வது நியாயமாகாது. இங்கு விளையும் உளுந்தின் பெரும் வாடிக்கையாளர் இந்தியாவே என்பதால், 2017இல் அந்நாடு இறக்குமதிக்கு அளவுக் கட்டுப்பாடு விதித்ததும் இங்கே விலை சரிந்தது. 2021இல் ஆண்டுக்கு 2,50,000 டன் வாங்க ஒப்பந்தமாயிற்று. தாய்லாந்தும் வியட்நாமும் விளைச்சலை அப்படியே விற்பதிலிருந்து ஆலையில் பதப்படுத்தி விற்பதற்கு நகர்ந்துவிட, மியான்மரில் நாம் இன்னும் முழுப் பயறையே மூட்டை மூட்டையாகக் கப்பலேற்றுகிறோம். ஆகவே, இக்கடையின் பின்கட்டில் ஓடும் சிறிய உடைப்பு இயந்திரத்தைச் சற்று நின்று பார்த்தேன். சில்லறையாக ஒரு வீசை (சுமார் 1.6 கிலோ) கேட்டால் மட்டும் முகம் சுளிக்கிறார்கள்.