வழுக்கையாற்றங்கரையில் அரைநாள் சைக்கிள் சுற்று: காசுக்குச் சரியா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடையின் பெயரைப் போட மாட்டேன். அவர்களுடைய சைக்கிளைப் பற்றிக் கீழே நாலு வார்த்தை சூடாக எழுதப் போகிறேன், ஆனால் அவர்களோடு வழிகாட்டியாக வருகிற ஐயாவின் பிழைப்பில் மண் விழக்கூடாது. யாழ் நகருக்குள் சைக்கிள் வாடகைக்கு விடுகிற இடம் என்ற அளவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு 3,500 ரூபா, அதற்குள் சைக்கிள், வழிகாட்டி, வழியில் தேத்தண்ணியும் வடையும், காலை ஆறு மணிக்குத் தொடங்கிப் பதினொன்று வரை. விளம்பரத் தாளில் ‘ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியே சைக்கிள் பயணம்’ என்று போட்டு, பின்னால் மலை, அருவி, மரப்பாலம் எல்லாம் வைத்திருந்தார்கள். அந்தப் படம் எந்த நாட்டில் எடுத்ததோ தெரியாது. எங்கள் குடாநாட்டின் மிக உயரமான நிலமே கடல் மட்டத்திலிருந்து ஒரு தென்னை உயரத்துக்குள்தான் அடங்கும், அதில் பள்ளத்தாக்குக்கு எங்கே போவது.

இரண்டு தடவை போயிருக்கிறேன், ஓகஸ்டில் ஒருமுறை, ஜனவரியில் ஒருமுறை. இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஓகஸ்ட் கதை சின்னது. நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவிலிருந்து அக்கா குடும்பம் வந்திருந்தது. மருமகனுக்குப் பதினான்கு வயது, அங்கே மலைப்பாதைகளில் சைக்கிள் ஓடிப் பழகியவன், விளம்பரத் தாளைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டான். விடிய விடியச் சைக்கிள்களைப் பட்டா என்கிற சின்ன லொறியில் ஏற்றி எங்களையும் பின்னால் இருத்தித் தெல்லிப்பழைப் பக்கம் இறக்கினார்கள். அங்கிருந்து ஆற்றோடு தென்மேற்காக அராலி வரைக்கும் ஓடுவதுதான் திட்டம். குடாநாட்டில் ஆறு என்று சொல்ல இருப்பது இந்த வழுக்கையாறு ஒன்றுதான், நீளம் பதினாறு கிலோமீற்றர் அளவு, மாரியில் மட்டும் ஓடும். அன்றைக்கு ஆறு இருக்க வேண்டிய இடத்தில் வெடித்த களிமண்ணும், இரண்டு மாடும், ஒரு பிளாஸ்ரிக் கதிரையும் இருந்தன. பொடியன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “மாமா, இது வாய்க்கால் எல்லோ?” என்றான். நான் என்ன சொல்ல? வெயில் ஏற ஏற அக்கா ஒரு மாதிரிப் பார்க்கத் தொடங்கினா. சண்டிலிப்பாயோடு நிறுத்திவிட்டு முச்சக்கரவண்டி பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டோம். அந்த 3,500 ரூபா தெண்டம்.

கடைக்காரர் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எங்கள் மழையில் பெரும்பங்கு ஒக்ரோபருக்கும் டிசம்பருக்கும் இடையில் கொட்டிவிடுகிறது, அந்தத் தண்ணீர் வடிந்த பிறகு ஆறு கிடையாது, தடம் மட்டும்தான். ஊர்க்காரனான எனக்கே உறைக்கவில்லை, வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு எப்படித் தெரியும்? ஓகஸ்டிலும் ஜனவரியிலும் ஒரே விலை, ஒரே படம், ஒரே வாக்குறுதி. இது எனக்குப் பிடிக்கவே இல்லை.

சரி, பிறகு ஏன் ஜனவரியில் போனேன்? அந்த ஐயாவால்தான். ஓகஸ்டில் திரும்பும்போது, “தம்பி, தண்ணி ஓடேக்க ஒருக்கா வாரும், அப்ப காட்டுறன்” என்று சொல்லியிருந்தார். அறுபது தாண்டியவர், கமக்காரர், சொந்த வயல் இருக்கிறது, சைக்கிள் வேலை பக்க வருமானம். தைப்பொங்கல் கழிந்த சனிக்கிழமை நானும் இரண்டு நண்பர்களும் போனோம்.

எப்படிச் சொல்வது, அதே இடம்தான், ஆனால் ஆள் மாறிவிட்டது. இரண்டு பக்கமும் நெல் பச்சையாக நிற்க நடுவில் தண்ணீர் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. பல இடங்களில் ஆறு ஒரு பெரிய வாய்க்கால் அளவுதான், பாய்ந்தால் தாண்டிவிடலாம் போல இருக்கும், அப்புறம் திடீரென்று ஒரு குளத்துக்குள் போய் விரிந்து மற்றப் பக்கத்தால் மெலிந்து வெளியே வரும். ஐயா ஒவ்வொரு மதகிலும் சைக்கிளை நிறுத்தினார், அதுதான் இந்தச் சுற்றின் அருமை. ஏன் இங்கே பள்ளத்தாக்கு இல்லை என்று நண்பன் பகிடியாகக் கேட்கப் போக, அவர் பகிடியாக எடுக்கவில்லை. இது சுண்ணாம்புக்கல் நிலம், பெய்கிற மழை மேலே ஓடி நிலத்தை அறுக்கிறதுக்கு முதல் வெடிப்புகளுக்குள்ளால் கீழே இறங்கிவிடுகிறது, கல்லைக் கரைத்துக் குகையும் பொந்தும் செய்வதெல்லாம் அடியில்தான் என்றார். நிலவரைக் கிணறு அப்படி மேற்கூரை இடிந்து விழுந்த குழிதான், கீரிமலையில் கடலோரத்தில் நன்னீர் ஊறுவதும் அதனால்தான். “உங்கட பள்ளத்தாக்கெல்லாம் காலுக்குக் கீழ கிடக்கு” என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்தார். பாடசாலையில் புவியியல் படித்தபோது இது மண்டையில் ஏறவே இல்லை.

கந்தரோடையில் அரை மணி நேரம் நின்றோம். பனைகளுக்கு நடுவில் கூட்டமாகக் குந்தியிருக்கிற அந்தச் சின்னக் கல் தூபிகளை நான் சின்ன வயதில் பாடசாலைச் சுற்றுலாவில் பார்த்ததோடு சரி. 1917 அளவில் வரலாற்றாய்வாளர் போல் பீரிஸ் அங்கே அகழ்ந்து எழுதிய பிறகுதான் வெளியுலகத்துக்குத் தெரியவந்த இடம். ஐயா தூபிகளைப் பற்றி அதிகம் பேசவில்லை. பக்கத்திலுள்ள குளத்தைக் காட்டி, இந்தத் தண்ணீர் இல்லாவிட்டால் இரண்டாயிரம் வருசத்துக்கு முதல் எவன் இங்கே வந்து குடியிருந்திருப்பான் என்று மட்டும் கேட்டார். தேத்தண்ணியும் வடையும் இங்கேதான். வடை உண்மையிலேயே நல்ல வடை, உழுந்து வடை, சூடாக ஒரு வீட்டிலிருந்து வாழையிலையில் சுற்றி வந்தது. தேத்தண்ணி வெறும் சீனித் தண்ணி.

நவாலிப் பக்கம் தேவாலயத்தடியில் ஐயா ஒன்றும் சொல்லாமல் இறங்கிச் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தார், நாங்களும் இறங்கி நடந்தோம். தஞ்சம் புகுந்திருந்த சனத்தின் மேல் விமானப்படை குண்டு போட்ட 1995 ஜூலை 9 பற்றி எங்கள் வயதுக்காரருக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

கடைசித் துண்டு, அராலி. வயல் முடிந்து தரவை, அதாவது உப்புப் படிந்த வெட்டவெளி, தொடங்கும்போது காற்றின் மணமே மாறிவிடுகிறது. உப்புத் தண்ணீர் உள்ளே ஏறாமலும் நல்ல தண்ணீர் வீணாக ஓடிவிடாமலும் மறிக்கிற தடுப்பணை அங்கே இருக்கிறது, அதன் மேல் நின்றால் ஒரு பக்கம் ஆறு, மற்றப் பக்கம் கடலேரி. கதவைப் பிந்தித் திறந்தால் மேலே வயல் அழுகிவிடும், முந்தித் திறந்தால் கிணறுகளுக்குப் போக வேண்டிய தண்ணீர் கடலுக்குப் போய்விடும், ஒவ்வொரு மாரியும் இந்தச் சண்டைதான் என்று ஐயா சொல்லிக்கொண்டு போனார். பொறியியலாளர் ஆறுமுகம் 1954 இல் முன்வைத்த ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ திட்டத்தைப் பற்றியும் அங்கேதான் பேச்சு வந்தது. ஆனையிறவுக் கடலேரியை நன்னீராக்கி, முள்ளியான் வாய்க்கால் வெட்டி, வடமராட்சிக் கடலேரிக்குள் கொண்டுவருவது. இன்னும் முழுதாக முடியாத கதை, எங்கள் அப்பா காலத்திலிருந்து கேட்கிறோம். கடலேரியில் கூழைக்கடாக்கள் கூட்டமாக மிதந்தன, நான் பேச்சைக் கேட்பதா பறவையைப் பார்ப்பதா என்று நின்றேன். இந்த ஒரு மணி நேரத்துக்கே 3,500 கொடுக்கலாம்.

இனிச் சைக்கிள். கடையில் வெளியே பளபளப்பாக நிற்பது ஒன்று, உங்களுக்குத் தருவது வேறொன்று. என்னுடையதில் பின் பிறேக் பிடிக்கவே இல்லை, சீற் ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு அங்குலம் கீழே இறங்கியது, முடிவில் முழங்கால் நாடியில் முட்டாத குறையாக மிதித்தேன். சண்டிலிப்பாயைத் தாண்டினதும் உடைமுள் ஏறிக் காற்றுப் போய்விட்டது. மூன்று பேரும் ஒரு வழிகாட்டியும் போகிற பயணத்துக்கு ஒரு கைப்பம்பு கூடக் கொடுத்தனுப்பவில்லை. நல்ல காலம், ஒரு கிலோமீற்றர் உருட்டிக்கொண்டு போனதும் றோட்டோரச் சைக்கிள் கடையில் ஒரு அண்ணை வந்து ஒட்டுப் போட்டுத் தந்தார், 200 ரூபா, அது என் கையிலிருந்து போனது. திரும்பி வந்து சொன்னபோது கடையில் இருந்தவர், “முள்ளுக்கு நாங்கள் என்ன செய்யிறது?” என்றார். முள்ளுக்கு ஒன்றும் செய்ய வேண்டாம், பம்பு ஒன்று வாங்குங்கள். தலைக்கவசமும் கேட்டால்தான் தருகிறார்கள், கேட்டு எடுத்தது மூக்கை மூடும் அளவு பெரிசு.

சொந்தச் சைக்கிள் இருந்தால் அதையே கொண்டுபோங்கள், வழிகாட்டிக்கு மட்டும் காசு என்று பேசிப் பாருங்கள். நண்பன் அப்படிக் கேட்டு 1,500 ரூபாவுக்கு இறக்கிவிட்டான், எனக்கு அந்த யோசனை வரவில்லை. வரம்புகள் சேறாக இருக்கும், அகலச் சில்லு என்றால் சுகம். கடைசியில் அராலியிலிருந்து கல்லுண்டாய் வழியாக நகரத்துக்கு வருகிற வெளி றோட்டில் ஒரு மர நிழல் கிடையாது, எதிர்க்காற்று வேறு, அதனால் தண்ணீர்ப் போத்தல் இரண்டு கட்டாயம். குழந்தைகளோடு போகிறவர்கள் கந்தரோடையோடு நிறுத்தலாம். உண்மையான மலை இடுக்கும் அருவியும் வேண்டுமென்றால் பதுளை ரயிலில் ஏறி எல்லவுக்குப் போங்கள், அதை இங்கே தேடி என் மருமகன் மாதிரி ஏமாற வேண்டாம். அவனுக்கு ஜனவரி வீடியோவை அனுப்பினேன், “இது வேற இடம் தானே?” என்று பதில் போட்டான்.

என் கணக்கில் ஐயாவுக்கும் ஜனவரி ஆற்றுக்கும் ஐந்துக்கு ஐந்து, சைக்கிளுக்கு ஒன்று, விளம்பரத் தாளுக்குப் பூச்சியம். நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி முடியும் வரை போங்கள், பெருமழை பெய்த மறுநாள் வேண்டாம், வரம்பே தெரியாது. பதிவு செய்யும்போது வழிகாட்டி யார் என்று கேளுங்கள், கமக்கார ஐயா வராவிட்டால் வேறு நாளுக்கு மாற்றிவிடுங்கள். இன்னொன்று, சைக்கிளுக்குப் பிணையாக அடையாள அட்டையை வாங்கி மேசை லாச்சிக்குள் வைக்கிறார்கள். திருப்பி வாங்க மறக்காதீர்கள், நான் மறந்து வீடு வரை வந்து, அதை எடுக்க அதே நாளில் மறுபடியும் நகரத்துக்குப் போனேன், இந்த முறை பஸ்ஸில்.