போடி முந்தல் சாலை டயர் கடை: ஃபோர் வீல் வண்டி வைத்திருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

போடிநாயக்கனூரிலிருந்து முந்தல் போகும் சாலையில், மலைப்பாதை தொடங்குவதற்குச் சற்று முன்பாக இருக்கும் இந்த டயர் கடைக்கு நான் கொடுக்கும் மதிப்பெண் ஐந்துக்கு நாலரை. அரை மதிப்பெண் ஏன் குறைந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். நாலரை கொடுத்ததற்குக் காரணம் ஒன்றே. ஃபோர் வீல் வண்டியின் (நான்கு சக்கரங்களுக்கும் இன்ஜின் இழுவை கொடுக்கக்கூடிய வண்டி) நான்கு டயர்களும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று வாயால் சொல்வதோடு நிற்காமல், டேப் வைத்து அளந்து பார்த்து, அளவு ஒத்துவராத டயரை விற்க மறுக்கும் கடையை இந்தப் பக்கத்தில் நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

போடியிலும் கம்பத்திலும் ஜீப் ஓட்டுகிறவர்களுக்கு இது ஏன் முக்கியம் என்பதை வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். அதிகாலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிக் கேரள எல்லையைத் தாண்டும் வண்டிகள், பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களை அடையும்வரை நல்ல தார்ச்சாலையில் போகின்றன. தோட்டத்துக்குள் நுழைந்ததும் சேறும் கல்லும் வழுக்குப் பாறையுமான பாதையில் ஏறுகின்றன. ஃபோர் வீல் கியரைப் போடுவதும் எடுப்பதும் இங்கே அன்றாட வேலை. ஆகவே டயர் அளவில் உள்ள குறை, சமவெளியில் ஓடும் வண்டியில் எப்போதாவது தெரியலாம். எங்கள் வண்டிகளில் தினமும் தெரியும்.

தோட்ட வேலைக்காக நாங்கள் வாங்கியது 2020-க்கு முந்தைய மகிந்திரா தார். அதற்குக் கம்பெனி கொடுத்த டயர் அளவு 235/70 ஆர்16. முன்னால் அந்த அளவே இருந்தது. பின்னாலோ, விற்றவர் 245/75 ஆர்16 மாட்டியிருந்தார். பின்பக்கம் உயர்ந்து நின்றால் பாரம் ஏற்ற நன்றாக இருக்கும் என்ற எண்ணம் இந்தப் பக்கத்தில் பலருக்கு உண்டு. இரண்டு அளவுகளும் 16 அங்குல டிஸ்க்கில் (டயர் உட்காரும் உலோகச் சக்கரம்) ஏறும் என்பதால் மாட்டுவதில் சிரமமே இல்லை. தோட்டத்திலிருந்து தார்ச்சாலைக்கு வந்து ஃபோர் வீல் கியரை எடுக்கப் போனால்தான் சிக்கல். லீவர் பிடித்துக்கொண்டு அசையாது. வண்டியைக் கொஞ்ச தூரம் பின்னால் எடுத்தால், அடியில் ‘டக்’ என்று ஒரு சத்தத்துடன் விடுபடும். டிரைவர் அதைப் பழக்கமாகவே வைத்திருந்தார்.

கடைக்காரர் இதைக் கேட்டதும் வண்டிக்கு அடியில் குனியவில்லை; நேராகப் பின் டயரின் பக்கவாட்டில் எழுதியிருந்த எண்ணைத்தான் பார்த்தார். “தம்பி, டிஸ்க்ல ஏறுதுன்னா சேர்ந்துரும்னு அர்த்தம் இல்ல. உருளுற அளவு ஒண்ணா இருக்கணும்” என்றார். பிறகு ஒரு துண்டுத் தாளில் கணக்குப் போட்டார். 235 என்பது மில்லிமீட்டரில் அகலம்; 70 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் டயரின் பக்கச்சுவர் உயரம் என்பது; 16 என்பது டிஸ்க்கின் விட்டம், அங்குலத்தில். இப்படிப் பார்த்தால் முன் டயரின் முழு உயரம் சுமார் 735 மில்லிமீட்டர், சுற்றளவு சுமார் 2,310. பின் டயரின் உயரம் 774, சுற்றளவு சுமார் 2,431. ஒரு கிலோமீட்டர் போக முன் சக்கரம் ஏறக்குறைய 433 முறை சுற்ற வேண்டியிருக்க, பின் சக்கரத்துக்கு 411 முறை போதும்.

இந்த வகை வண்டிகளில் ஃபோர் வீல் போட்டவுடன் டிரான்ஸ்ஃபர் கேஸ் (இன்ஜின் சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் அனுப்பும் கியர் பெட்டி) முன் ஷாஃப்டையும் பின் ஷாஃப்டையும் ஒன்றோடொன்று பூட்டிவிடுகிறது. இரண்டுக்கும் நடுவில் வேக வித்தியாசத்தை விழுங்கிக்கொள்ள டிஃபரென்ஷியல் கிடையாது. ஆகவே முன்னும் பின்னும் ஒரே எண்ணிக்கையில்தான் சுற்றியாக வேண்டும். கிலோமீட்டருக்கு 22 சுற்று வித்தியாசம் எங்காவது தீர்ந்தாக வேண்டும். சேற்றில் டயர் வழுக்கித் தீர்த்துக்கொள்ளும். காய்ந்த தார்ச்சாலையில் வழுக்க இடமில்லாததால் அந்த முறுக்கு ஷாஃப்டிலும் கியர் பற்களிலும் ஏறி நிற்கிறது. லீவர் பிடித்துக்கொள்வதும் அதனால்தான். அளவு சரியாக உள்ள வண்டியிலும் தார்ச்சாலை வளைவில் ஃபோர் வீல் போட்டு ஓட்டினால் இந்த முறுக்கு வரும், ஏனென்றால் வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் உருள்கின்றன. அளவு மாறிய வண்டிக்கோ நேர்ப்பாதையிலும் அதே கதி. அச்சுக்குள் சக்கரங்களைச் சுழற்றும் கியர்களான கிரவுன் பினியனில் வேலை ஒரு முறை வந்தால் ஆகும் செலவைப் பார்த்தவர்கள் இதை அலட்சியம் செய்ய மாட்டார்கள்.

இந்தக் கடையை நான் மதிப்பது அவர்கள் அளக்கும் முறைக்காக. ஒரே எண் அச்சிட்ட டயர்களும் கம்பெனிக்குக் கம்பெனி, பட்டனுக்குப் பட்டன் (தரையைப் பிடிக்கும் மேற்பரப்புக் கட்டைகளின் வடிவம்) உண்மையான சுற்றளவில் சற்று மாறும் என்பதால், அவர்கள் எண்ணை மட்டும் நம்புவதில்லை. நான்கு சக்கரத்திலும் குறித்தபடி காற்றை நிரப்பி, வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, டயர் தரையைத் தொடும் இடத்தில் டயரிலும் தரையிலும் சாக்பீஸால் ஒரு கோடு போடுகிறார்கள். வண்டியைத் தள்ளி, டயரின் கோடு மறுபடி தரைக்கு வரும் இடத்தில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் இடையே டேப். பாரம் தாங்கி நிற்கும் நிலையில் டயர் உண்மையாக உருளும் தூரம் இதில் கிடைத்துவிடுகிறது. நான்கு சக்கரங்களின் அளவையும் பில்லின் பின்பக்கம் எழுதியும் கொடுத்தார்கள். அந்தத் தாளை நான் வண்டிப் புத்தகத்தோடு வைத்திருக்கிறேன்.

பின்னால் இரண்டு மட்டும் புதிதாக 235/70 போட்டால் போதாதா என்று கேட்டேன். முன் டயரின் பட்டன் ஆழத்தை அளந்து காட்டினார்கள். புது டயரைவிட 4 மில்லிமீட்டர் தேய்ந்திருந்தால் விட்டத்தில் 8 மில்லிமீட்டரும் சுற்றளவில் 25 மில்லிமீட்டரும் குறைந்துவிடும். எண் ஒன்றாக இருந்தாலும் ஒரு சதவீத வித்தியாசம் இருந்துகொண்டே இருக்கும். தினமும் ஃபோர் வீல் போடும் வண்டிக்கு நான்கும் ஒரே கம்பெனி, ஒரே பட்டன், ஒரே சமயத்தில் போட்டதாக இருப்பதே நல்லது என்றார்கள். விற்பனைக்காகச் சொல்கிறார்களோ என்ற ஐயம் எவருக்கும் வரலாம். ஆனால் பின்னாலிருந்த இரண்டு பெரிய டயர்களையும் அவர்களே நியாயமான விலைக்கு எடுத்துக்கொண்டார்கள்; முன்னாலிருந்ததில் நல்ல ஒன்றை ஸ்டெப்னிக்கு ஒதுக்கச் சொல்லி, புதிதாக ஐந்தாவதை விற்க முயலவில்லை. அந்த ஸ்டெப்னி ஓடும் நேரத்தில் தார்ச்சாலையில் ஃபோர் வீல் போடக் கூடாது என்று டிரைவரிடமும் தனியாகச் சொன்னார்கள். எட்டாயிரம் முதல் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டால் நான்கும் ஒன்றுபோலத் தேயும்.

டயர் மாற்றிய பிறகு லீவர் ஒரே கையில் வருகிறது. ஸ்பீடோமீட்டரும் சரியாகிவிட்டது, பெரிய பின் டயரில் மீட்டர் 57 காட்டும்போது வண்டி உண்மையில் 60-இல் போய்க்கொண்டிருந்தது. பாரம் ஏற்றும் வண்டிக்கு அளவோடு லோடு இன்டெக்ஸையும் பார்க்க வேண்டும் என்பதை இங்கே கேட்காமலேயே சொல்கிறார்கள்: 105 என்றால் ஒரு டயர் தாங்குவது 925 கிலோ, 109 என்றால் 1,030 கிலோ. தயாரித்த வாரமும் ஆண்டும் கொண்ட நான்கு இலக்க எண்ணையும் டயரைத் திருப்பிக் காட்டிவிட்டுத்தான் மாட்டினார்கள்.

இனி அந்த அரை மதிப்பெண். கடையில் வீல் அலைன்மென்ட் இயந்திரம் இல்லை; அதற்குத் தேனிக்குப் போக வேண்டும். டயர் இருப்பும் குறைவு. 18 அங்குல அளவுகளுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டியிருக்கிறது, விலையும் தேனியைவிடச் சற்றுக் கூடுதல். ஏலக்காய்ப் பறிப்புக் காலத்தில் ஜீப்புகள் வரிசையாக நிற்பதால் நன்றாகக் காத்திருக்க நேரிடும். கேரளப் பதிவெண் வண்டிகள் நிறைய வருகின்றன, அவர்களிடம் மலையாளத்திலேயே விளக்குகிறார்கள். 6.00-16 நைலான் டயர் ஓடும் பழைய ஜீப்புக்காரர்களுக்கு ஒரு குறிப்பு: இரண்டு சக்கரத்துக்கு மட்டும், உள்கட்டமைப்பு வேறான ரேடியல் டயர் கேட்டால் இங்கே கொடுக்க மாட்டார்கள்; நான்குக்கும் சேர்த்து மாற்றத் தயாராக இருந்தால் மட்டும் போகவும்.