129 வெள்ளி ‘மூன்றடுக்கு’ கார் கவர்: தராசில் வெளுத்த சாயம்

கார் கவர் வாங்கப்போகிறவர்கள் முதலில் பயணப்பெட்டி எடை போடும் கொக்கித் தராசு ஒன்றைக் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்பதற்குக் கீழே உள்ள கணக்கே போதும்.

பினாங்கின் பாயான் பாருவில் வெட்டவெளியில் நிற்கும் ஒரு பெரோடுவா மைவி காருக்கு இணையத்தில் 129 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கிய கவர். விளம்பரத்தில் சொன்னது: மூன்றடுக்கு, உள்ளே பருத்தி, சதுர மீட்டருக்கு 210 கிராம், மழை இறங்காது, ஆவி வெளியேறும். ஐந்தே மாதத்தில் உள்பக்க வெள்ளிநிறப் பூச்சு பிசுபிசுத்து உரிந்து, கூரையிலும் போனட்டிலும் திட்டுத்திட்டாக ஒட்டிக்கொண்டது. எடை போட்டால் மொத்தமே 1.1 கிலோ.

மைவியின் நீளம் 3,895 மில்லிமீட்டர், அகலம் 1,735, உயரம் 1,515. அதை முழுதாக மூடக் குறைந்தது 16 சதுர மீட்டர் துணி வேண்டும். 210 கிராம் துணியென்றால் கவர் 3.3 கிலோ இருக்க வேண்டும். 1.1 கிலோவைப் பதினாறால் வகுத்தால் 70 கிராம்கூடத் தேறாது. அது குடைத்துணி மாதிரி ஒற்றை அடுக்கு பாலியஸ்டர். பருத்தி மருந்துக்கும் கிடையாது.

இன்னொரு தில்லுமுல்லு ‘190டி’. ஆங்கில எழுத்து D, T இரண்டையும் தமிழில் ‘டி’ என்றே எழுதுகிறோம், விற்பவருக்கு அது வசதி. ஒரு ‘டி’ (D) டெனியர்: 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் என்பது, அதாவது நூலின் பருமன். மற்ற ‘டி’ (T) ஓர் அங்குலத்தில் நெடுக்கும் குறுக்கும் ஓடும் நூல்களின் எண்ணிக்கை. 190 என்ற எண்ணைப் பார்த்துத் துணி தடிப்பு என்று நினைத்தால் போச்சு.

பெயின்ட் கெடுவது இப்படித்தான். மலிவுக் கவரில் நடுத்தையலுக்கு உள்ளே நாடா ஒட்டியிருக்காது. சாயங்கால மழை ஊசித்துளை வழியே இறங்கும், பூச்சு போட்ட துணி அதை வெளியே விடாது. மறுநாள் வெயிலில் உள்ளே வேகும். அந்தச் சூட்டிலும் ஈரத்திலும் பாலியூரித்தேன் என்னும் பிளாஸ்டிக் பூச்சு சிதைந்து பசையாகிறது. பட்டறையில் மறுபெயின்ட் அடித்த பகுதிதான் முதலில் கொப்புளிக்கும், ஏனென்றால் தொழிற்சாலைப் பெயின்ட் 140 பாகை செல்சியஸ் அளவில் சுடப்பட்டது, பட்டறையில் 60 பாகைதான். புதிதாக அடித்த பெயின்ட்டை ஒரு மாதமாவது மூடவே கூடாது. கவர் தொளதொள என்றிருந்தால் காற்றில் படபடத்து, அடியில் இருக்கும் தூசியையே உப்புத்தாள் ஆக்கிவிடும். மைவிக்கு ‘செடான் எல்’ அளவு அனுப்பினால் திருப்பிவிடுங்கள்.

கையில் வந்ததும் உறையைப் பிரிக்கும் முன்பே எடை போட்டு வீடியோ எடுங்கள். பிறகு சூடான நீர் நிறைந்த கோப்பையின் மேல் துணியை விரித்து, அதன்மேல் கண்ணாடித் தம்ளரைக் கவிழ்த்து வையுங்கள். சில நிமிடத்தில் தம்ளர் மூடுபனி கட்டினால் ஆவி வெளியேறும் துணி. பளிச்சென்று இருந்தால் வெறும் பிளாஸ்டிக். உள்பஞ்சில் நாலு இழை பிய்த்துக் காரைவிட்டு எட்டப் போய்க் கொளுத்துங்கள்: பருத்தி காகிதம் போல் எரிந்து சாம்பலாகும், பாலியஸ்டர் உருகிக் கெட்டி மணியாக உறையும்.

கவர் தேவையா என்று கேட்டால், தினமும் ஓட்டும் காருக்கு வேண்டாம். அடுக்ககத்தில் கூரைக்கு உள்ளே உள்ள மாடி நிறுத்துமிடத்தில் நிற்பதற்கும் வேண்டாம். அங்சானா மரத்தடியில் வாரக்கணக்கில் நிற்கும் வண்டிக்கு மட்டும் பயன் உண்டு, அதுவும் ஆவி வெளியேறும் கவராக, வண்டிக்கு அடியில் கட்டும் வயிற்றுப் பட்டையோடு. கழுவித் துடைத்து, எஞ்சின் ஆறிய பிறகே மூட வேண்டும். வாரம் ஒருமுறை திறந்து காய விடுங்கள். எலி கூடு கட்டியிருக்கிறதா என்பதும் அப்போது தெரிந்துவிடும்.

ஒட்டிய பூச்சைச் சுரண்டாதீர்கள். பாதிக்குப் பாதி நீர் கலந்த ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை மறைவான இடத்தில் சோதித்துவிட்டு, மைக்ரோஃபைபர் துணியில் நனைத்து ஊறவைத்துத் துடைக்கலாம். மிச்சத்துக்கு வழுவழுப்புத் திரவம் தெளித்து, கார் கடைகளில் விற்கும் களிமண் கட்டியால் தேய்த்து, கடைசியாகப் பாலிஷ்.

பணம் திரும்பக் கேட்க, விளம்பரப் பக்கத்தை மாற்றுவதற்குள் திரைப்பிரதி (ஸ்கிரீன்ஷாட்) எடுத்துவிடுங்கள். பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனுக் கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் வேண்டியதில்லை, மூன்றாண்டுக்குள் பதிய வேண்டும். விற்பவருக்கு மலேசிய முகவரி இல்லையென்றால் அங்கே போயும் பெரிய பயன் இருக்காது. ஆகவே முகவரியை வாங்கும் முன்பே பாருங்கள். உரிந்த கவரைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள், விசாரணையில் காட்ட அது வேண்டும்.