பெரிய எண்ணைப் பிரித்துப் பார்க்க ஒரு நல்ல கால்குலேட்டர்

பெரிய எண் எதையாவது கொடுத்து அதன் குணம் முழுவதையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமென்றால், அர்ஜென்டினாக்காரர் டாரியோ அல்பெர்ன் தன் இணையதளத்தில் வைத்திருக்கும் காரணிப்படுத்தும் கால்குலேட்டரைத்தான் நான் சொல்வேன். காசு கிடையாது, எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம், கணக்கெல்லாம் நம் பிரவுசரிலேயே நடக்கிறது.

2^67-1 (2-ஐ 67 முறை பெருக்கி 1 கழித்தது) என்று போட்டுப் பாருங்கள். 147573952589676412927 என்று முழுதாக அடிக்க வேண்டியதில்லை. உடனே 193707721 × 761838257287 என்று பிரித்துக் காட்டிவிடும். 1644-இல் பிரெஞ்சுக் கணிதர் மெர்சென் இந்த எண்ணைப் பகா எண் என்று தன் பட்டியலில் சேர்த்திருந்தார், 1876-இல் லூக்காஸ் அது பகா எண் இல்லை என்று நிரூபித்தார், ஆனால் அவருடைய முறையில் காரணிகள் வெளியே வராது, அதனால் 1903-இல் அமெரிக்கக் கணிதர் கோல் இந்த இரண்டையும் கண்டுபிடித்துச் சொல்லும்வரை உலகம் காத்திருந்தது. கையால் போட்ட கணக்கு அது!

எனக்குப் பிடித்தது காரணிகளுக்குக் கீழே வரும் வரிகள். வகுத்திகள் எத்தனை (இதற்கு 4), அவற்றின் கூட்டுத்தொகை, ஆய்லர் சார்பின் மதிப்பு (அந்த எண்ணைவிடச் சிறிய எண்களில் அதோடு 1 தவிர வேறு பொதுக் காரணி இல்லாதவை எத்தனை என்பது), அப்புறம் அந்த எண்ணை வர்க்கங்களின் கூட்டலாகவும் எழுதிக் காட்டுகிறது. இந்த எண்ணுக்கு நான்கு வர்க்கங்கள் வருகின்றன, மூன்றில் முடிக்கவே முடியாது, ஏனென்றால் 8-ஆல் வகுத்தால் மீதி 7 வரும் எந்த எண்ணையும் மூன்று வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியாது. நான்கு இருந்தால் எந்த எண்ணுக்கும் போதும் என்று லக்ராஞ்சு 1770-இலேயே நிரூபித்துவிட்டார்.

ஆனால் இந்த 'ஏன்' எதையும் பக்கம் சொல்லாது, விடையோடு நின்றுவிடும். மாணவர்களுக்கு அது ஒரு குறைதான். பக்கத்தில் பேனாவும் தாளும் வைத்துக்கொண்டு உட்காருங்கள்: மேலே வந்த இரண்டு காரணிகளிலும் 1 கழித்து 134-ஆல் வகுத்தால் 1445580, 5685360129 என்று மீதியே இல்லாமல் வரும். 67 பகா எண் என்பதால் 2^67-1-இன் பகாக் காரணி ஒவ்வொன்றும் 67-இன் இருமடங்கான 134-இன் மடங்கோடு ஒன்று கூடியதாகத்தான் இருக்க முடியும்.

வேகத்தைப் பற்றி ஒன்று. இலக்கங்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம், 100!-இல் (1 முதல் 100 வரை எல்லா எண்களின் பெருக்கல்) 158 இலக்கங்கள் இருந்தும் நொடியில் பிரியும், அதன் பகாக் காரணிகள் எதுவும் 97-ஐத் தாண்டாது. ஏறத்தாழ ஒரே அளவிலான இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி வந்த 90 இலக்க எண் என்றால் பொறுமை வேண்டும், போனில் முயல வேண்டாம், கணினியில் ஓடவிட்டு வேறு வேலையைப் பாருங்கள்.

கணிதம் படிப்பவர்கள், சொல்லிக்கொடுப்பவர்கள் எல்லோருக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன். அடுத்து 2^101-1 போட்டு, வரும் இரண்டு காரணிகளிலும் 1 கழித்து 202-ஆல் வகுத்துப் பாருங்கள்.