ரெஸ்கியூஸில்லா: விண்டோஸில் கை வைக்கும் முன் ஒரு இமேஜ்

விண்டோஸ் பூட் ஆகவில்லையா? ஸ்டார்ட்அப் ரிப்பேர், ரீசெட் என்று இறங்கும் முன் டிஸ்க்கை முழுசாக இமேஜ் (டிஸ்க்கை அப்படியே கோப்பாக்கிய நகல்) எடுத்துவிடுங்கள். ரிப்பேர் சொதப்பினாலும் பழைய நிலைக்காவது திரும்பலாம். இதற்குப் பலர் பயன்படுத்திய மேக்ரியம் ரிஃப்ளெக்ட் மென்பொருளின் இலவசப் பதிப்புக்கு 2024 ஜனவரியோடு ஆதரவு நின்றுவிட்டது. காசில்லாமல் இதைச் செய்ய இன்று ரெஸ்கியூஸில்லாவே எங்கள் முதல் தேர்வு. குளோன்ஸில்லா என்ற இலவச இமேஜ் மென்பொருள் செய்யும் அதே வேலைதான், மவுஸில் க்ளிக் செய்துகொண்டே போகலாம்.

ரெஸ்கியூஸில்லாவின் ஐஎஸ்ஓ கோப்பை ரூஃபஸ் என்ற மென்பொருள் மூலம் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பூட் செய்து, 'பேக்கப்' கொடுக்க வேண்டியதுதான். பார்டிஷன் பட்டியலில் எந்த டிக்கையும் எடுக்காதீர்கள். பூட் கோப்புகள் இருக்கும் 100 எம்பி இஎஃப்ஐ பார்டிஷன் சின்னதுதானே என்று விட்டால், ரீஸ்டோர் செய்த டிஸ்க் பூட் ஆகாது. நிரம்பிய இடத்தை மட்டும் சுருக்கி எழுதுவதால், 500 ஜிபி டிஸ்க்கில் 120 ஜிபிதான் இருக்கிறதென்றால் இமேஜைச் சேமிக்கும் டிஸ்க்கில் 200 ஜிபி காலியிடம் தாராளம்.

விண்டோஸின் டிஸ்க் என்க்ரிப்ஷன் வசதியான பிட்லாக்கர் பூட்டிய டிஸ்க்கில் இந்தக் கணக்கு எடுபடாது. எது நிரம்பியது, எது காலி என்று வெளியிலிருந்து தெரியாததால் முழு 500 ஜிபியையும் நகலெடுக்கும், சுருங்கவும் சுருங்காது. பிட்லாக்கரை சஸ்பெண்ட் செய்தால் போதாது, முழுசாக டிக்ரிப்ட் செய்ய (பூட்டை நீக்க) வேண்டும்.

அடிக்கடி வரும் இன்னொரு தலைவலி, என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் கோப்பு அமைப்பு) பார்டிஷன் சரியாக மூடப்படவில்லை என்ற எரர். விண்டோஸை முழுசாக மூடாமல் வைத்து வேகமாகத் தொடங்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்தான் பெரும்பாலும் காரணம். விண்டோஸ் ஓடும் நிலையில் இருந்தால் ஷிஃப்ட்டை அழுத்தியபடி ஷட்டவுன் கொடுங்கள். ஓடவில்லையென்றால் ரெகவரி கமாண்ட் ப்ராம்ப்டில் டிஸ்க் பிழைகளைச் சரிசெய்யும் செக்டிஸ்க்கை எஃப் ஆப்ஷனோடு (chkdsk /f) ஓட்டிவிட்டு வாருங்கள். ஆனால் டிஸ்க்கே கடகடவென்று சத்தம் போட்டால் செக்டிஸ்க் பக்கமே போகாதீர்கள்.

புது இன்டெல் லேப்டாப்பில் டிஸ்க்கே தெரியாமல் போகலாம். பயோஸில் விஎம்டியை (இன்டெலின் டிஸ்க் நிர்வாக வசதி) அணைத்தால் தெரியும். இமேஜ் எடுத்ததும் திரும்ப ஆன் செய்ய மறந்தால் விண்டோஸ் நீலத்திரை காட்டும். பழுதே அதுதான் என்று நினைத்துக் குழம்புவீர்கள்.

ரெஸ்கியூஸில்லாவில் எங்களுக்குப் பட்ட பெரிய குறை: மூல டிஸ்க்கைவிடச் சின்ன டிஸ்க்கில் ரீஸ்டோர் ஆகாது. 1 டிபி ஹார்டு டிஸ்க்கிலிருந்து 480 ஜிபி எஸ்எஸ்டிக்கு மாற நினைப்பவர்களுக்கு, உள்ளே 80 ஜிபிதான் இருந்தாலும், இது உதவாது. தினசரி பேக்கப்புக்கும் ஆகாது. மாறியதை மட்டும் எடுக்கும் வசதியோ ஷெட்யூலோ கிடையாது.

இமேஜ் முடிந்ததும் 'வெரிஃபை' ஓட்டுங்கள். நேரம் பிடிக்கும், பரவாயில்லை. ஓரிரு கோப்பு மட்டும் தேவையென்றால் இமேஜ் எக்ஸ்ப்ளோரரில் திறந்து எடுத்துக்கொள்ளலாம்.