விலங்குகளைப் படமெடுக்க நான்கு பழைய போர்ட்ரெய்ட் லென்ஸ்கள்: ஓர் ஒப்பீட்டு அலசல்

மனித முகங்களுக்கென்று, ஆட்டோஃபோகஸ் வருவதற்கு முன் உருவான லென்ஸ்கள், உள்ளே ஆடி இல்லாததால் பழைய லென்ஸ்களையும் ஏற்கும் மிரர்லெஸ் கேமராக்களின் தயவால் மறுபடியும் புழக்கத்துக்கு வந்திருக்கின்றன. அவற்றைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் பின்னணி எவ்வளவு அழகாகக் கரைகிறது, முகத்தின் தோல் எவ்வளவு மென்மையாக விழுகிறது என்ற இரண்டையே சுற்றி வருகிறது. எதிரில் இருப்பது நாயாகவோ பூனையாகவோ ஆடாகவோ இருந்தால் இந்த அளவுகோல்கள் அவ்வளவாக உதவுவதில்லை. மனிதரை ஒரு நொடி அசையாமல் இருக்கச் சொல்லலாம்; பூனையிடம் அந்த வேண்டுகோள் செல்லாது. தோலில் மென்மையாகத் தெரியும் அதே குறைபாடு, ரோமத்தில் வெறும் மங்கலாகத்தான் தெரியும். ஆகவே விலங்குகளுக்கான லென்ஸை, அது எவ்வளவு அருகில் ஃபோகஸ் ஆகிறது, ஒளி நுழையும் துளையை (அப்பர்ச்சர்) முழுதாகத் திறந்த நிலையிலும் ரோமத்தை இழை பிரித்துக் காட்டுகிறதா, அதன் ஃபோகஸ் வளையம் கைக்கு எவ்வளவு விரைவாக இணங்குகிறது என்ற மூன்றையும் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் நிலைப்பாடு.

இந்த அலசலுக்கு எடுத்துக்கொண்டவை நான்கு: சோவியத் தயாரிப்புகளான ஹீலியோஸ் 44-2 (58 மிமீ எஃப்/2), ஜூபிடர்-9 (85 மிமீ எஃப்/2), ஜப்பானின் நிக்கார் 105 மிமீ எஃப்/2.5, கிழக்கு ஜெர்மனியின் கார்ல் சைஸ் யேனா சோனார் 135 மிமீ எஃப்/3.5. மிமீ என்பது லென்ஸின் குவிய தூரம்; எஃப் எண் துளையின் அளவு, எண் சிறுத்தால் துளை பெரிது. 35 மிமீ ஃபிலிம் அளவு சென்சர் உள்ள ஃபுல் ஃபிரேம் கேமராவில் பயன்படுத்துவதாகவே கணக்குகள் அமைந்துள்ளன.

முதலில் கூர்மையாக விழும் ஆழத்தை, அதாவது முன்னும் பின்னுமாக எவ்வளவு தூரம் கூர்மையாகத் தெரியும் என்பதைப் பார்ப்போம். விலங்கு ஒன்றரை மீட்டர் தள்ளி நிற்கிறது, துளை முழுதாகத் திறந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஹீலியோஸில் ஏறத்தாழ 7 சென்டிமீட்டர், ஜூபிடரில் 3, நிக்காரில் இரண்டரை, சோனாரில் 2 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு என்று கணக்கு வருகிறது. எஃப்/3.5 என்ற எண்ணைப் பார்த்து சோனாரை ஒதுக்குபவர்கள் கவனிக்க வேண்டியது இது: அதே இடத்தில் நின்று எடுத்தால் நான்கிலும் மிக மெல்லிய ஆழம் அதற்குத்தான். நீண்ட மூக்குள்ள நாயின் கண்ணுக்கும் மூக்கு நுனிக்கும் இடையே பத்து சென்டிமீட்டர் வரை இருக்கும் என்பதால், நேருக்கு நேர் எடுக்கும்போது ஹீலியோஸ்கூட அந்த முகம் முழுவதையும் கூர்மைக்குள் கொண்டுவராது. பூனையின் முகம் தட்டையானது, அது எளிது. நாயாக இருந்தால் முக்கால்பக்கமாகத் திரும்பும்வரை காத்திருப்பதும், துளையை எஃப்/4 அல்லது 5.6க்குக் குறைப்பதுமே நல்லது. பெரிய துளைக்காகப் பணம் கொடுத்துவிட்டு அதைக் குறைத்துப் பயன்படுத்துவதா என்று கேட்பவர்களுக்கு, ஈரம் மின்னும் மூக்கும் கூர்மையாக இருக்கும் நாயின் படத்தைக் காட்டினால் போதும்.

ஹீலியோஸ் 44-2, சைஸின் பயோட்டார் 58 மிமீ லென்ஸை அடியொற்றியது. பின்னணி வட்டமாகச் சுழல்வது போன்ற தோற்றத்துக்காகவே இதை வாங்குகிறார்கள். ஆனால் அந்தச் சுழல் தானாக வந்துவிடாது. இலைகளுக்கிடையே வெளிச்சம் சிதறும் அடர்ந்த பின்னணி வேண்டும். அது விலங்குக்குச் சில மீட்டர் பின்னால் இருக்க வேண்டும். விலங்கு சட்டகத்தின் நடுவில் இருக்க வேண்டும். ஓரத்தில் அமர்த்தினால் முகமே மங்கிவிடும். அரை மீட்டர் வரை நெருங்க முடிவது இதன் பெரிய பலம். அதுவே தொல்லையும் ஆகிறது. அரை மீட்டர் என்பது கை எட்டும் தூரம். அங்கே கூர்மை ஆழம் 6 மில்லிமீட்டர்தான். முகர்ந்து பார்க்கலாம் என்று பூனை ஓர் அடி எடுத்து வைத்தால், வளையம் சுற்ற இடமே இல்லாமல் போய்விடும். இவ்வளவு நெருங்கும்போது மூக்கு பெருத்தும் காதுகள் சிறுத்தும் தெரியும். குட்டிகளுக்கு அது வேடிக்கையாக அமையும், குதிரைக்கு அமையாது. படுத்து அசைபோடும் மாடு, வெயில் காயும் வயதான நாய் போன்ற நிதானமான உயிர்களுக்கு இது மிகப் பொருத்தமான லென்ஸ். ஃபுல் ஃபிரேமைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சரில் இதன் பார்வைக் கோணம் 87 மிமீ லென்ஸுக்கு நிகராகிவிடுவதால், அத்தகைய கேமரா வைத்திருப்பவர்களுக்கு இதன் மதிப்பு ஒரு படி கூடும்.

ஜூபிடர்-9 பற்றி என் கருத்து பலருக்கு உவப்பாக இருக்காது. ஜெர்மன் லென்ஸ் வடிவமைப்பாளர் லூட்விக் பெர்டெலே உருவாக்கிய, இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய சோனார் வகை லென்ஸின் வழிவந்தது அது. பதினைந்து இதழ்கள் கொண்ட துளை, எந்த அளவிலும் வட்டம் குலையாமல் இருக்கும்; மனித முகத்துக்கு இதைவிட இதமான பழைய லென்ஸ்கள் குறைவு. ஆனால் எஃப்/2இல் எல்லா விளிம்புகளையும் ஒளிப்புகை போல ஒன்று மூடிக்கொள்கிறது. கன்னத்தில் அது ஒளிர்வாகத் தெரியும். வெள்ளை முயலின் ரோமத்தில் நனைந்த பஞ்சாகத் தெரியும். வானம் பின்னால் இருந்தால் கறுப்பு நாய் சாம்பல் நிறமாகிவிடும். எஃப்/4க்கு வந்தால் கூர்மை நன்றாகவே திரும்புகிறது. இடையில் ஒரு சிக்கல் உண்டு: இவ்வகை லென்ஸில் துளையைக் குறைக்கும்போது ஃபோகஸ் தளம் சற்று நகரும். எனவே முழுத் திறப்பில் ஃபோகஸ் செய்துவிட்டுத் துளையைக் குறைக்கும் பழக்கம் இங்கே உதவாது. படமெடுக்கப் போகும் துளையிலேயே ஃபோகஸ் செய்ய வேண்டும். இதன் வளையமும் வெகு நீளமாகச் சுற்றக்கூடியது. பழைய கிரீஸ் இறுகிப்போன பிரதியாக இருந்தால் ஆட்டுக்குட்டி துள்ளி முடித்தபின்தான் ஃபோகஸ் வந்து சேரும். யாரோ பிரித்துத் தவறாகப் பூட்டிய பிரதிகளும் சந்தையில் உலவுகின்றன.

நிக்கார் 105 மிமீ எஃப்/2.5தான் இந்த நான்கில் என் முதல் தேர்வு. ஸ்டீவ் மெக்கரி 1984இல் எடுத்து, 1985 ஜூன் மாத ‘நேஷனல் ஜியாகிரஃபிக்’ அட்டையில் வெளிவந்த ஆப்கான் சிறுமியின் படத்தால் இந்த லென்ஸ் புகழ்பெற்றது. அந்தப் புகழுக்கும் விலங்குகளுக்கும் தொடர்பில்லை. தொடர்புள்ளது 1971இல் நடந்த மாற்றம்: அதுவரை சோனார் வகையாக இருந்த இதன் கட்டமைப்பை, வில்லைகளை வேறு விதமாக அடுக்கும் காவுஸ் வகைக்கு மாற்றினார்கள், அதனால் அருகில் எடுக்கும் படங்களின் தரம் உயர்ந்தது. நாய், பூனைப் படங்கள் ஒன்றிலிருந்து இரண்டு மீட்டருக்குள்தான் பெரும்பாலும் எடுக்கப்படுகின்றன என்பதால் இந்த மாற்றம் நமக்கென்றே செய்ததுபோல் அமைந்துவிட்டது. எஃப்/2.5இலேயே கண்ணிமை ரோமங்கள் தனித்தனியாகப் பிரிகின்றன; கான்ட்ராஸ்ட் தளர்வதில்லை. வளையம் சீராக, அதிகம் சுற்ற வேண்டாத அளவில் நகர்கிறது. ஒரு மீட்டர் வரை நெருங்கினால் சட்டகத்தின் நீளப் பக்கத்தில் சுமார் 27 சென்டிமீட்டர் அடங்கும், பூனையின் முகத்துக்கு அது தாராளம். குறை என்று சொன்னால் துளைக்கு ஏழே இதழ்கள். துளையைக் குறைக்கும்போது பின்னணி ஒளிப்புள்ளிகள் வட்டமாக இல்லாமல் ஏழு பக்கங்களோடு தெரியும். எனக்கு அது பொருட்டல்ல.

சோனார் 135 இதற்கு மிக அருகில் வருகிறது, சில விலங்குகளுக்கு முந்தியும் விடுகிறது. இந்தக் குவிய தூரத்தில் ஒரு மீட்டர் வரை ஃபோகஸ் ஆகும் பழைய லென்ஸ்கள் அதிகமில்லை; அங்கே சட்டகத்தில் 19 சென்டிமீட்டர் மட்டுமே அடங்கும் என்பதால் கிளி, அணில் போன்ற சிறிய உயிர்களும் சட்டகத்தில் கணிசமான இடம் பிடிக்கும். கூச்ச சுபாவமுள்ள விலங்குக்கும் நமக்கும் இடையே அது விரும்பும் இடைவெளியை விட்டுவைக்கிறது. வெளிச்சம் குறைந்த அறைக்குள் இது தடுமாறும். 135 மிமீக்குக் கை நடுக்கத்தைச் சமாளிக்கவும் விலங்கின் அசைவை நிறுத்தவும் குறைந்தது 1/250 நொடி வேண்டும். கேமரா உடலில் நிலைப்படுத்தும் வசதி இருந்தால் குவிய தூரத்தைக் கைப்பட உள்ளிட வேண்டும். அது நம் நடுக்கத்தைத்தான் அடக்கும், நாயின் வாலை அடக்காது.

நான்குக்கும் பொதுவான ஒன்று ஃபோகஸ் செய்யும் முறை. விளிம்புகளை வண்ணமிட்டுக் காட்டும் பீக்கிங் வசதியை விலங்குகளிடம் நம்ப முடியாது. ரோமம் முழுவதுமே விளிம்புகள் என்பதால் மூக்கு, மீசை, நெற்றி எல்லாம் ஒருசேர மின்னும். பார்வையைப் பெரிதாக்கிக் கண்ணைப் பார்ப்பதே சரி. ஆட்டின் கண்மணி கிடைமட்டக் கோடாக இருப்பதால் ஃபோகஸ் பிடிப்பது மிக எளிது. வெயிலில் செங்குத்தாகச் சுருங்கிய பூனையின் கண்மணியும் அப்படியே. கறுப்பு நாயின் கரிய கண்ணில் பிடிமானம் என்று இருப்பது அதில் விழும் ஒளிப்புள்ளி மட்டும். நம்மை நோக்கி நடந்துவரும் விலங்கை வளையத்தால் துரத்துவது வீண்: நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் வந்தால்கூட, நம் கை எதிர்வினையாற்றும் ஐந்தில் ஒரு நொடிக்குள் அது 20 சென்டிமீட்டர் கடந்திருக்கும். தூரத்தை முன்கூட்டியே நிறுத்திவைத்து, விலங்கு அந்த இடத்துக்குள் நுழையும்போது தொடர்ச்சியாகச் சில படங்களை எடுப்பதே பலன் தரும். மோட்டார் இல்லாத லென்ஸ் ஓசையே எழுப்பாது என்பது நமக்குச் சாதகம்.

பழைய நிக்கான் டிஎஸ்எல்ஆர் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தகவல். ஹீலியோஸ், சோனார் போன்ற, எம்42 என்ற திருகுப் பூட்டுள்ள லென்ஸ்களை அதில் உள்ளே வில்லை இல்லாத அடாப்டரில் மாட்டினால் முடிவிலிக்கு, அதாவது வெகு தொலைவுக்கு, ஃபோகஸ் போகாது. இதைக் காரணம் காட்டியே பலர் விலகிவிடுகிறார்கள். வழக்கமான மெல்லிய அடாப்டரில் ஹீலியோஸ் இரண்டு மீட்டருக்குள் நின்றுவிடும் என்பது உண்மைதான். ஆனால் சோனார் 135 ஏறத்தாழ 9 மீட்டர் வரை எட்டும். வளர்ப்பு விலங்குகளுக்கு அதற்கு மேல் தேவைப்படுவது அபூர்வம். அத்தகைய கேமராவில் நிக்கார் அடாப்டர் இல்லாமலே பூட்டும் என்றாலும், 1977க்கு முந்தைய, மாற்றியமைக்கப்படாத துளை வளையமுள்ள பிரதிகள் சில கேமரா உடல்களைச் சேதப்படுத்தக்கூடும்; வாங்குமுன் அதை மட்டும் விசாரித்துக்கொள்ள வேண்டும்.