1471 காலத்து சிப்பாய் செட்டு: ஒரு சீசன் முழுக்கப் போட்டுப் பாத்துட்டு எழுதுற ரிவ்யூ

நான் இருக்கறது இங்கிலாந்துல, லீட்ஸ் பக்கம். ரெண்டு வருஷமா ஒரு ரீஎனாக்ட்மென்ட் குரூப்ல இருக்கேன், அதாவது பழைய காலத்துப் போரையும் போர் முகாம் வாழ்க்கையையும் அந்தக் காலத்து உடுப்பு, சாமான், சாப்பாட்டோட நடத்திக் காட்டறவங்க. எங்க குரூப் எடுத்திருக்கறது ரோஜாப் போர்கள் காலம், யார்க் குடும்பமும் லங்காஸ்டர் குடும்பமும் கிரீடத்துக்காக 1455ல இருந்து 1487 வரைக்கும் விட்டு விட்டு அடிச்சிக்கிட்டாங்களே அது. முதல் வருஷம் முழுக்க குரூப்ல இருந்த இரவல் சாமான்லயே ஓட்டிட்டேன். இந்த வருஷம் சொந்தமா ஒரு காலாட்படைக்காரன் செட்டு வாங்கினேன், ஒரே ஆன்லைன் கடையில. பஞ்சு வெச்சுத் தைச்ச ஜாக்கு, சாலட்னு சொல்ற ஹெல்மெட்டு, கழுத்துக்கு வளையக் கவசம், தோல் ஷூ, பெல்ட்டு, இடுப்புப் பை, மரக் கிண்ணம், எல்லாம் சேத்து 540 பவுண்டு, வந்து சேர அஞ்சு வாரம். கடைப் பேரு எழுதல, ஏன்னா இதே சாமான் பத்துக் கடையில பத்துப் பேர்ல ஓடுது, அதனால பொருளைப் பத்தி மட்டும் பேசறேன்.

ஜாக்குல இருந்து ஆரம்பிக்கறேன், என் காசு அதிகமாப் போனதும் மனசு அதிகமா நொந்ததும் அதுலதான். ஜாக்குன்னா துணியை அடுக்கடுக்கா வெச்சுத் தைச்ச கெட்டியான மேல்சட்டை, நம்ம ஊரு ரஜாயைச் சட்டையாத் தைச்சா எப்படி இருக்கும், அப்படி. மத்தியகாலக் கவசம்னா எல்லாருக்கும் பளபளன்னு தகடு மூடின குதிரை வீரன்தான் ஞாபகம் வரும், ஆனா சாதாரண சிப்பாயோட உசிரக் காப்பாத்தினது பெரும்பாலும் இந்தத் துணிதான். 1483ல லண்டன்ல இருந்த மன்சினின்னு ஒரு இத்தாலிக்காரர், இங்க சிப்பாய்ங்க போடற இந்தச் சட்டை எவ்வளவு மெத்துன்னு இருக்கோ அவ்வளவு நல்லா அம்பையும் வாளையும் தாங்குதுன்னு எழுதி வெச்சிருக்கார். பிரான்ஸ் ராஜா பதினொண்ணாம் லூயி போட்ட உத்தரவுல ஒரு ஜாக்குக்கு 30 மடிப்புத் துணி, கொறஞ்சது 25, கூட ஒரு மான் தோலு வேணும்னு இருக்கு. அதுலயே இன்னொண்ணும் சொல்றாங்க, புதுத் துணியை விட கொஞ்சம் பழகி மெத்துன்னு ஆன துணிதான் இதுக்கு நல்லதுன்னு. அதப் படிச்சப்ப எனக்கு எங்க அம்மா ஞாபகம்தான் வந்துச்சு, பொறந்த குழந்தைக்குப் புதுத்துணி வேணாம், தாத்தாவோட பழைய வேட்டியைக் கிழின்னு சொல்வாங்க.

சரி, கடையில 'காட்டன் ஜாக்கு'ன்னு போட்டிருந்தான், 190 பவுண்டு. வந்ததும் பாக்க அருமையா இருந்துச்சு, மேல் துணி நல்ல கெட்டிக் கேன்வாஸ், தையல் நேரா இருக்கு, கண் வெச்சுக் கயிறு கோக்கற ஓட்டையெல்லாம் கையால சுத்தித் தைச்சிருக்காங்க, மெட்டல் ஐலெட் அடிக்கல, அது பெரிய விஷயம். ஆனா போட்டுக்கிட்டு பத்து நிமிஷம் பயிற்சி பண்ணினாலே உள்ள வேர்வை தேங்க ஆரம்பிச்சுது, இரவல் ஜாக்குல அப்படி ஆனதே இல்ல. சந்தேகம் வந்து, அக்குள் பக்கம் உள் தையலை ரெண்டு அங்குலம் பிரிச்சு உள்ள இருந்த பஞ்சைக் கொஞ்சம் உருவி, பட்டுப்புடவை வாங்கறப்ப நூலை எரிச்சுப் பாப்பாங்கல்ல, அதே மாதிரி தீக்குச்சி வெச்சேன். பருத்தியா இருந்தா காகிதம் எரியற வாசனை வந்து சாம்பலா உதிரணும். இது சுருண்டு, உருகி, கறுப்பா ஒரு மணி மாதிரி உருண்டு விரல்ல ஒட்டுச்சு. பாலியெஸ்டர். கடைக்கு போட்டோவோட எழுதினேன், காட்டன்னு நாங்க சொன்னது மேல் துணியைத்தான்னு பதில் வந்துச்சு. ரொம்பக் கோவம் வந்துச்சுங்க. வேர்வை மட்டும் இல்ல, நாங்க ராத்திரி முழுக்க விறகு நெருப்பு பக்கத்துல உக்காருற ஆளுங்க, ஒரு தீப்பொறி பட்டா கம்பளி லேசாக் கருகி நின்னுடும், லினன் உருகாது, இது உருகித் தோல்ல ஒட்டும்.

ஜூலையில டூக்ஸ்பரி திருவிழாவுக்கு இதத்தான் போட்டுக்கிட்டுப் போனேன். 1471 மே 4ஆம் தேதி யார்க் பக்கத்து ராஜா நாலாம் எட்வர்ட் லங்காஸ்டர் படையை அங்க உடைச்சு, லங்காஸ்டர் பக்கத்து இளவரசனே செத்துப்போன இடம், தப்பி ஓடின ஆளுங்கள வெட்டிச் சாச்ச வயலுக்கு இன்னைக்கும் 'ப்ளடி மெடோ', ரத்தப் புல்வெளின்னுதான் பேரு. அந்த ஊருல நிக்கறப்ப ஒடம்பு தானாச் சிலிர்க்கும். ஆனா அன்னைக்கு அடிச்ச வெயில்ல எனக்கு சிலிர்ப்பு போய் தலைசுத்தல் வந்துடுச்சு, ஜாக்கைக் கழட்டினா உள் சட்டையைப் பிழியலாம். பக்கத்துல நின்ன ஒருத்தர் 18 அடுக்கு லினன் ஜாக்கு போட்டிருந்தார், என்னோடத விட எடை ஜாஸ்தி, ஆனா லினன் வேர்வையை உறிஞ்சி வெளிய விட்டுடும், காத்து பட்டா ஜில்லுன்னு இருக்கும், சாயங்காலம் வரைக்கும் சிரிச்ச முகமாத்தான் இருந்தார். நான் இப்ப என் ஜாக்கோட உள் பஞ்சை முழுசா எடுத்துட்டு, பழைய லினன் பெட்ஷீட்டும் ஊர்ல இருந்து வந்த பழைய வேட்டியும் அடுக்கித் தைச்சிட்டு இருக்கேன், இதுவரைக்கும் 14 அடுக்கு ஆச்சு. வேட்டியான்னு சில பேர் கேட்டாங்க. பருத்தி அந்தக் காலத்துலயே ஐரோப்பாவுக்கு வந்து கவசத்துக்குள்ள அடைச்ச பொருள்தான், இந்த மாதிரி பஞ்சு வெச்ச சட்டைக்கு இங்கிலீஷ்ல இருந்த பழைய பேரு ஆக்டன், அது அரபியில பருத்தியைச் சொல்ற 'அல் குத்ன்'ல இருந்து வந்தது.

அடுத்தது ஹெல்மெட்டு. இது நல்ல பொருள், தைரியமா வாங்கலாம். சாலட்டுன்னா தலையை மூடி பின்கழுத்து மேல வால் மாதிரி நீண்டு இறங்கற இரும்புத் தொப்பி. 2 மில்லிமீட்டர் தகடு, சமையல் தராசுல வெச்சுப் பாத்தேன், 2.7 கிலோ. அசல்ல ஒரே தகட்டை அடிச்சு அடிச்சு எழுப்புவாங்க, அடி படற இடத்துல தடிப்பாவும் மத்த இடத்துல மெல்லிசாவும் விடுவாங்க, இந்த விலைக்கு அதெல்லாம் எதிர்பாக்க முடியாது, இது ரெண்டு பாதியை வெல்டு வெச்சு ஒட்டினது. வெளிய கிரைண்டர் போட்டு சுத்தமா மறைச்சிருக்கான், உள்ள விரலை ஓட்டினா கோடு தட்டுப்படும். எனக்குப் பிடிச்சது உள் மெத்தைதான். எட்டு இதழா வெட்டின துணி, ஒவ்வொரு இதழ் நுனியிலயும் ஓட்டை, அதுல ஒரு கயிறு, உச்சியில அதை இறுக்கினா ஹெல்மெட்டு மேல ஏறும், தளத்தினா கீழ இறங்கும், நம்ம தலைக்குத் தகுந்த மாதிரி நாமளே வெச்சுக்கலாம். லீட்ஸ்ல ராயல் ஆர்மரீஸ் மியூசியம் இருக்கு, உள்ள போக காசு கிடையாது, அங்க போய் அசல் சாலட்டுங்க பக்கத்துல நின்னு பாத்தேன், தலையச் சுத்தி வரிசையா ரிவெட்டு தலை தெரியும், அது அழகுக்கு இல்ல, உள்ள மெத்தையைத் தைக்கற தோல் பட்டையைப் பிடிச்சுக்கறதுக்கு. என்னோடதுலயும் அந்த வரிசை நிஜமா வேலை செய்யுது, சும்மா ஒப்புக்கு அடிச்சது இல்ல.

ஆனா தாடைப் பட்டை மோசம். மெல்லிசான தோல் ரெண்டை ஒட்டிக் குடுத்திருந்தான், ரெண்டாவது பயிற்சியிலயே பிரிஞ்சு வந்துடுச்சு. இத சின்ன விஷயம்னு நினைக்காதீங்க. எங்க வீட்ல இருந்து கொஞ்ச தூரத்துல டவ்டன்னு ஒரு ஊரு, 1461 மார்ச் 29, குருத்தோலை ஞாயிறு, கொட்டற பனியில இதே ரோஜாப் போர்களோட ஒரு சண்டை நடந்துச்சு. 1996ல அங்க கட்டட வேலைக்குத் தோண்டறப்ப ஒரு கூட்டுக் குழி கிடைச்சுது, 37, 38 பேரோட எலும்பு, காயத்துல பெரும்பகுதி தலையில. செத்தப்ப அவங்க தலையில ஹெல்மெட்டு இல்லன்னு அத ஆராய்ஞ்சவங்க சொல்றாங்க, ஓடறப்ப கழட்டிப் போட்டாங்களோ, புடுங்கினாங்களோ. அந்த மண்டை ஓட்டுப் படங்களைப் பாத்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. அதுக்கப்புறம் நான் தாடைப் பட்டையை 3 மில்லிமீட்டர் தோல்ல, ரெட்டை ரிவெட்டு போட்டு நானே மாத்திக்கிட்டேன். நம்ம சண்டை மழுங்கின ஆயுதத்தோடதான், இருந்தாலும் எதிர்ல வர்றது ஆறடிக் கம்புல மாட்டின பில்லு, வேலி வெட்டற அருவாளக் கம்புல சொருகி அதுக்கு முன்னாடி ஒரு ஈட்டி முனையும் வெச்ச ஆயுதம், நம்ம ஊருல ஆட்டுக்குத் தழை இழுக்கற தொரட்டிக்குக் கோவம் வந்தா எப்படியோ அது மாதிரி. அது ஹெல்மெட்டு விளிம்புல மாட்டி இழுத்துச்சுன்னா பட்டைதான் நம்மளக் காப்பாத்தணும்.

கழுத்து வளையக் கவசம் 65 பவுண்டு. இதுல ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, வெறும் வளையத்த வளைச்சு வாய மூடி விட்டிருந்தா, அது எவ்வளவு மலிவா இருந்தாலும் வாங்காதீங்க, ஒரு இழுப்புக்கு வாயத் திறக்கும். ஒவ்வொரு வளையத்தோட ரெண்டு நுனியையும் தட்டையாக்கி, ஓட்டை போட்டு, குட்டி ஆணி அடிச்சு மூடியிருக்கணும். ஒரு வளையத்துக்குள்ள நாலு வளையம் ஓடும். என்னோடதுல அப்படித்தான் இருக்கு. இன்னைக்கு உலகம் பூரா விக்கற வளையக் கவசத்துல நிறைய இந்தியாவுல கையால செஞ்சது, ஒவ்வொரு ஆணியும் யாரோ ஒருத்தர் கண்ணக் குத்திக்கிட்டு உக்காந்து அடிச்சது, அத நினைக்கறப்ப இந்த விலை எனக்குக் கம்மியாத்தான் தோணுது. டேபிள் லைட்டு வெச்சு வரிசை வரிசையாப் பாத்ததுல 11 வளையத்துல ஆணி சரியாப் பிடிக்கல, நகத்தால தட்டினாலே ஆடுச்சு. குறடு வெச்சு ஒரு மணி நேரத்துல சரி பண்ணிட்டேன். ரிட்டர்ன் பண்ற அளவுக்கு அது குறை இல்ல.

ஷூவுக்கு வருவோம். அந்தக் காலத்து ஷூ டர்ன்ஷூ, உள்பக்கம் வெளிய இருக்கற மாதிரி தைச்சு, தோல ஈரமாக்கி, அப்படியே தலையணை உறையத் திருப்பற மாதிரி திருப்பிடுவாங்க, தையல் உள்ள போயிடும். அடியில ஒரே ஒரு தோல்தான், குதிகால் கிடையாது. தரையில கிடக்கற கூழாங்கல்லு ஒவ்வொண்ணும் கால்ல தெரியும், ஈரப்புல்லுல வழுக்கும், அதுக்கு ஏத்த மாதிரி நடையையே மாத்திக்கணும், முன்பாதம் முதல்ல வெச்சு மெதுவா. என் ஷூவுல தையல் நல்லா இருந்துச்சு, ஆனா தோல் மேல ஒரு சந்தேகம். எங்க மாமா ஆம்பூர்ல தோல் தொழிற்சாலையில முப்பது வருஷம் வேலை பாத்தவர், வீடியோ கால்ல காட்டினேன். "மாப்ள, ஓரத்துல ஒரு துண்டு வெட்டி நடுவுல என்ன கலர்னு பாரு"ன்னார். வெட்டிப் பாத்தா மேல பிரவுனு, நடுவுல சாம்பல் நீலம். "குரோம்டா அது, பட்டையில பதப்படுத்தினதா இருந்தா குறுக்க வெட்டினாலும் பழுப்பாத்தான் இருக்கும், நாங்க ஆவாரம் பட்டையில போட்ட தோலப் பாத்திருக்கியே"ன்னார். குரோம்ல, அதாவது குரோமிய உப்புல பதப்படுத்தறது 19ஆம் நூற்றாண்டு சமாச்சாரம், 1471க்கு ஆகாது, கடைக்காரன் போட்டிருந்தது 'வெஜிடபிள் டேன்', அதாவது மரப்பட்டை மாதிரி தாவரப் பொருள்ல பதப்படுத்தினதுன்னு. இந்தத் தடவை கடையில மறு பேச்சு பேசாம பாதிக் காசு திருப்பிக் குடுத்தாங்க, அதையும் சொல்லணும்.

பெல்ட்டும் பையும் சரியா இருக்கு, பித்தளை பக்கிள், குறை இல்ல. மரக் கிண்ணம் பீச் மரத்துல கடைஞ்சது, வடிவம் ரொம்ப அழகு, ஆனா மேல வார்னிஷ் அடிச்சிருந்தான், சூடா பார்லிக் கஞ்சி ஊத்தினா உரிஞ்சு வந்துச்சு. தேய்ச்சு எடுத்துட்டு ஆளிவிதை எண்ணெய் ரெண்டு கோட்டு குடுத்தேன், இப்ப கைக்கு வெதுவெதுன்னு ஒட்டுது. 1545ல மூழ்கி 1982ல மேல தூக்கின மேரி ரோஸ்ங்கற இங்கிலாந்துப் போர்க்கப்பல்ல இந்த மாதிரி மரத் தட்டு, கிண்ணம் நிறைய கிடைச்சுது, சிலதுல சொந்தக்காரன் சின்னதா ஒரு குறி வெட்டி வெச்சிருக்கான், நம்ம வீட்டு எவர்சில்வர் பாத்திரத்துல பேர் வெட்டற மாதிரியே. நானும் என்னோடதுல ஒரு குறி வெட்டிக்கிட்டேன்.

இந்த செட்டுல இல்லாத ஒண்ணப் பத்தியும் எழுதியாகணும், கம்பளி ஹோஸ், கால்சட்டை மாதிரி காலோட ஒட்டி வர்றது. அத வேற ஒருத்தங்க கிட்ட அளவு குடுத்துக் கையால தைச்சு வாங்கினேன், 110 பவுண்டு, இந்த வருஷம் நான் செலவு பண்ணினதுலயே நிறைவான காசு அதுதான். எலாஸ்டிக் இல்லாத காலத்துல துணி எப்படி இழுபட்டுக் குடுத்துச்சுன்னா, டெய்லருங்க கிராஸ் கட்டிங்னு சொல்வாங்களே, அப்படி மூலைவாட்டா வெட்டித் தைச்சதால. இடுப்புல மேல்சட்டையோட சின்னச் சின்ன கயிறு போட்டுக் கட்டணும், குனிஞ்சு விறகு தூக்கறதுக்கு முன்னாடி பின்பக்கக் கயித்த அவுத்துடணும், மறந்தா டர்ருன்னு கிழியும்.

புதுசா வர்ற பசங்க எல்லாரும் முதல்ல ஹெல்மெட்டையும் ஆயுதத்தையும்தான் வாங்கறாங்க, நான் பாத்த வரைக்கும் அது தப்பு. உடம்புல ஒட்டறதுல இருந்து ஆரம்பிங்க, லினன் சட்டை, ஹோஸ், ஷூ, அப்புறம் ஜாக்கு, கடைசியாத்தான் இரும்பு. இரும்பு இரவல் கிடைக்கும், அடுத்தவன் ஷூவப் போட்டுக்கிட்டு நாள் முழுக்க நிக்க முடியாது.

இந்த செட்டுல இருந்து தனித்தனியா வாங்கறதா இருந்தா ஹெல்மெட்டு, கழுத்துக் கவசம், பெல்ட்டு மூணையும் எடுங்க, ஜாக்கையும் ஷூவையும் விட்டுடுங்க. ஹெல்மெட்டுக்கு அளவு குடுக்கறப்ப தலையில பருத்தித் தொப்பி ஒண்ணு மாட்டிக்கிட்டு அதுக்கு மேல டேப்பு சுத்துங்க, நான் வெறும் தலைக்கு அளந்து 58 சென்டிமீட்டர்னு குடுத்து, அப்புறம் 60 மாத்தி வாங்கினதுல மூணு வாரம் போச்சு.